வாய்ஸ் மாற்றத் தெரியும், வாக்கியம் எழுத வராது

தமிழ்நாட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய யாரை நள்ளிரவில் எழுப்பிக் கேட்டாலும், ஆங்கிலத்தில் ஒரு விடுப்புக் கடிதம் பிழையில்லாமல் வந்து விழும். "ஆஸ் ஐ ஆம் சஃபரிங் ஃப்ரம் ஃபீவர்" என்று தொடங்கி, "யுவர்ஸ் ஒபீடியன்ட்லி" என்று முடியும் வரை ஒரு கமாகூட இடம் மாறாது. காய்ச்சல் இல்லை, அக்காவுக்குக் கல்யாணம் என்றால்தான் சிக்கல். கல்யாணத்துக்கும் "சஃபரிங் ஃப்ரம்" போட்டு எழுதிய பிள்ளையின் கதை ஆசிரியர் அறைகளில் பல தலைமுறைகளாக உலவுகிறது. மணமகனை நினைத்தால் அதுவும் பொருத்தம்தான் என்று யாராவது ஒருவர் சொல்வார், எல்லாரும் சிரிப்பார்கள், மணி அடித்துவிடும்.

சிரித்துவிட்டு விட்டுவிடக்கூடிய விஷயம் அல்ல இது. அதே பிள்ளைக்கு ஆக்டிவ் வாய்ஸை பாஸிவ் வாய்ஸாக மாற்றத் தெரியும். டைரக்ட் ஸ்பீச்சை இன்டைரக்ட் ஆக்கத் தெரியும். பார்ட்ஸ் ஆஃப் ஸ்பீச் எட்டையும் வரிசை பிசகாமல் ஒப்பிக்கும். ஆனால் "நேற்று சாயங்காலம் என்ன செய்தாய்? ஐந்து வரி எழுது" என்றால் பேனா நின்றுவிடுகிறது. தமிழ் வழியில் படிக்கிற பிள்ளைக்கு மட்டும் இந்த நிலை என்று நினைக்க வேண்டாம். கட்டணம் கட்டி ஆங்கில வழியில் படிக்கும் பிள்ளைகளிலும் பெரும்பாலோர் கைடில் உள்ள பதிலைத்தான் எழுதுகிறார்கள். சொந்தமாக எழுதச் சொன்னால் அவர்களும் விழிக்கிறார்கள்.

எழுதுவது இருக்கட்டும், வாசிப்பே தடுமாற்றம்தான். இந்தியக் கிராமங்களில் வீடு வீடாகச் சென்று பிள்ளைகளைப் படிக்கச் சொல்லிப் பார்க்கும் ஏசர் ஆய்வின்படி, 2016-ல் எளிய ஆங்கில வாக்கியங்களைப் படிக்க முடிந்த எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் 45.3 சதவீதம், 2022-ல் 46.7 சதவீதம். ஐந்தாம் வகுப்பில் 24.7 சதவீதமாக இருந்தது 24.5 ஆயிற்று. நடுவில் கொரோனா வந்து போனது உண்மை. ஆனாலும், எட்டாம் வகுப்புக்கு வந்த பிறகும் பாதிப் பேருக்கு மேல் ஒரு சின்ன வாக்கியத்தைப் படிக்கத் திணறும்போது, அவர்களிடம் வாய்ஸ் மாற்றும் விதியைச் சொல்லி என்ன ஆகப் போகிறது?

இலக்கணம் என்றதும் பலர் வீட்டு அலமாரியில் இன்றும் நிற்பது ரென் அண்ட் மார்ட்டின். பி. சி. ரென் இந்தியக் கல்விப் பணியில் இருந்த ஆங்கிலேயர். 'போ ஜெஸ்ட்' என்ற சாகச நாவலை 1924-ல் எழுதிப் புகழ் பெற்றவரும் அவரே. எச். மார்ட்டினோடு சேர்ந்து அவர் தந்த இலக்கணப் புத்தகம், இந்தியாவில் வாழ்ந்த பிரிட்டிஷ் அதிகாரிகளின் பிள்ளைகளை முதன்மையாக மனத்தில் வைத்து எழுதப்பட்டது என்று சொல்லப்படுகிறது. அந்தப் பிள்ளைகள் வீட்டில் ஆங்கிலம் பேசியவர்கள். ஏற்கெனவே பேசத் தெரிந்த மொழியைச் செப்பம் செய்துகொள்ள அது அருமையான புத்தகம். பேசவே தெரியாத மொழியை அதிலிருந்து தொடங்குவது வேறு விஷயம்.

பேசத் தெரிந்தவர்களுக்கே இலக்கணப் பாடம் எழுத்தில் கைகொடுக்கிறதா என்பதும் சந்தேகத்துக்குரியதுதான். அமெரிக்காவில் 1963-ல் ரிச்சர்ட் பிராடாக் குழுவினர் அதுவரை நடந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து, இலக்கணத்தைத் தனிப் பாடமாக நடத்துவதால் மாணவர் எழுத்தில் உண்டாகும் முன்னேற்றம் மிகமிகக் குறைவு, எழுதிப் பழக வேண்டிய நேரத்தை அது தின்றுவிடுவதால் கெடுதலும் உண்டு என்று எழுதினார்கள். 2007-ல் ஸ்டீவ் கிரஹாம், டோலரஸ் பெரின் இருவரும் நான்காம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரையிலான ஆய்வுகளை மறுபடி அலசினார்கள். எழுத்தின் தரத்தை ஒவ்வொரு முறையும் எவ்வளவு மாற்றுகிறது என்று காட்டும் அளவில், தனி இலக்கணப் பாடத்துக்குக் கிடைத்த மதிப்பு கழித்தல் 0.32. சின்னச் சின்ன வாக்கியங்களைச் சேர்த்துப் பெரிய வாக்கியமாக்கும் பயிற்சிக்குக் கிடைத்தது கூட்டல் 0.50. இவை பெரும்பாலும் ஆங்கிலம் பேசும் நாட்டு வகுப்பறைகளைப் பற்றிய எண்கள். அப்படியே எடுத்து நம் ஊருக்கு ஒட்டவைக்க முடியாது. ஆனால் நம் ஊரிலேயே ஒரு சோதனை நடந்திருக்கிறது. உலகமெங்கும் ஆங்கில ஆசிரியர்கள் படிக்கும் அந்தச் சோதனையைப் பற்றித் தமிழ்நாட்டில் கேள்விப்பட்டவர்கள் குறைவு.

சென்னையில் பிரிட்டிஷ் கவுன்சிலில் பணியாற்றிய என். எஸ். பிரபு, தென்னிந்திய வகுப்பறைகளை நெருங்கிப் பார்த்தவர். 1960-களிலிருந்து இங்கே வாக்கிய அமைப்புகளை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொடுத்துத் திரும்பத் திரும்பச் சொல்லவைக்கும் முறை கோலோச்சியது. அதற்காக 27,000 ஆசிரியர்களுக்குப் பயிற்சி தரும் பெருந்திட்டம் ஒன்று அன்றைய மதராஸில் நடந்தது. 'மதராஸ் ஸ்னோபால்' என்று அதற்குப் பெயரே உண்டு. அவ்வளவும் செய்தும், வகுப்பில் வாக்கியத்தைச் சரியாகச் சொன்ன பிள்ளை வெளியே வந்ததும் அதைப் பயன்படுத்தத் தெரியாமல் நின்றது. 1979-ல் பிரபுவும் நண்பர்களும் வேறு வழியை முயன்றார்கள். பெங்களூர், சென்னை, கடலூர் ஆகிய ஊர்களின் சில சாதாரணப் பள்ளிகளில் இலக்கணப் பாடத்தை எடுத்துவிட்டு, பிள்ளைகளுக்குப் புதிர்போல வேலைகளைக் கொடுத்தார்கள். ரயில்வே கால அட்டவணையைப் பார்த்து எந்த வண்டியில் போனால் முதலில் போய்ச் சேரலாம் என்று கண்டுபிடிப்பது, வரைபடத்தில் வழி சொல்வது போன்றவை. முதலில் அதே மாதிரி ஒரு வேலையை ஆசிரியர் வகுப்போடு சேர்ந்து ஆங்கிலத்தில் பேசிப் பேசிச் செய்வார். பிறகு பிள்ளைகள் தனியாகச் செய்வார்கள். விடை சரியா என்பதுதான் அங்கே கேள்வி. மொழி அதற்கான கருவி.

1984 வரை இது நடந்தது. எடின்பரோவிலிருந்து வந்த மதிப்பீட்டாளர்கள் சோதித்தபோது, வாக்கிய வடிவத்தை மட்டும் கேட்ட தேர்வில் பழைய முறைப் பிள்ளைகள் முந்தினார்கள். மொழியைப் பயன்படுத்த வேண்டியிருந்த இடங்களில் புதிய முறைப் பிள்ளைகளின் கை ஓங்கியது. பிரபு 1987-ல் இதைப் புத்தகமாக எழுதினார். வேலை வழி மொழி கற்பித்தல் என்று இன்று உலகம் முழுக்கப் பேசப்படும் முறையின் வேர்களில் ஒன்று கடலூர் வகுப்பறையில் இருக்கிறது. நமக்குத்தான் அது ஊருக்குப் போன விருந்தாளிபோல ஆகிவிட்டது.

அதற்காக இலக்கணமே வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. தமிழ்ப் பிள்ளை எங்கே சறுக்குகிறது, ஏன் சறுக்குகிறது என்று தெரிந்த ஒருவர், சரியான நேரத்தில் சொல்லும் ஒரு குறிப்பு பத்துப் பக்க விதிகளுக்குச் சமம்.

இந்தச் சறுக்கல்களில் பல தமிழ் இலக்கணத்தை ஒழுங்காகப் பின்பற்றுவதால் வருபவை. 'அவர் ஆசிரியர்' என்பது தமிழில் முழு வாக்கியம். அதை நம்பிப் பிள்ளை 'ஹி டீச்சர்' என்று எழுதுகிறது; நடுவே ஓர் 'இஸ்' வேண்டும் என்று அதற்குத் தோன்ற நியாயமே இல்லை. 'நீ எங்கே போகிறாய்' என்று கேட்கத் தமிழில் சொற்களைப் புரட்ட வேண்டியதில்லை. ஆகவே 'வேர் யூ ஆர் கோயிங்'. 'வந்தாயா' என்பதில் கடைசி 'ஆ' மட்டுமே கேள்வியைச் செய்துவிடுகிறது, இறந்த காலம் வினைக்குள் இருக்கிறது. ஆங்கிலத்தில் கேள்விக்கு 'டிட்' வந்ததும் காலத்தை அது எடுத்துக்கொள்கிறது. வினை அடிப்படை வடிவத்துக்குத் திரும்ப வேண்டும். இதைச் சொல்லாமல் விட்டால் 'டிட் யூ கேம்' என்று காலம் இரண்டு முறை வந்து நிற்கும். சொல்லிவிட்டால் பல பிள்ளைகள் உடனே பிடித்துக்கொள்கிறார்கள்.

வேற்றுமை உருபு இன்னும் வளமான இடம். பெட்டியில், மேசையில், வீட்டில். தமிழுக்கு ஒரே 'இல்' போதும். ஆங்கிலம் பெட்டிக்கு 'இன்', மேசைக்கு 'ஆன்', வீட்டுக்கு 'அட்' என்று கேட்கிறது. மூன்றையும் 'இன்' என்றே எழுதுகிற பிள்ளையிடம் "உள்ளேயா, மேலேயா, அந்த இடத்திலா?" என்று தமிழிலேயே கேட்டால் போதும். ஆங்கில வகுப்பில் தமிழ் வாயைத் திறந்தால் அபராதம் என்று வைத்திருக்கும் பள்ளிகள் இந்த எளிய வசதியைத் தாமே இழக்கின்றன.

மிகவும் கடினம் என்று சொல்லப்படும் 'ஏ', 'தி' விவகாரத்துக்குக்கூடப் பாட்டி கதை கைகொடுக்கும். "ஒரு ஊர்ல ஒரு ராஜா இருந்தார். அந்த ராஜாவுக்கு ஒரு மகள். அந்த மகள்..." முதல் முறை வரும்போது 'ஒரு', அறிமுகமான பிறகு 'அந்த'. ஆங்கிலத்தின் 'ஏ', 'தி' செய்யும் முதன்மையான வேலை இதுவே. சூரியனுக்கு 'தி' ஏன், ஆஸ்பத்திரிக்கு எப்போது வேண்டும், எப்போது வேண்டாம் என்பதெல்லாம் பிற்பாடு வரட்டும். ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கு ராஜா கதை அளவே போதும்.

ஒரே சமயத்தில் எவ்வளவு திருத்தலாம் என்ற கேள்வி இங்கே வருகிறது. சிவப்பு மையில் குளித்துத் திரும்பும் கட்டுரை நோட்டைப் பார்த்த பிள்ளை என்ன செய்கிறது? மதிப்பெண்ணைப் பார்க்கிறது, மூடி வைக்கிறது. தைவானில் ஆங்கிலம் கற்பித்த ஜான் டிரஸ்காட் 1996-ல், மாணவர் எழுத்தில் இலக்கணப் பிழை திருத்துவதையே நிறுத்திவிடலாம் என்று துணிந்து எழுதினார். ஆசிரியர் உலகம் கொதித்தது. கலிபோர்னியாவின் டானா ஃபெரிஸ் 1999-ல் மறுத்து எழுதினார். வாதம் ஆண்டுக்கணக்கில் ஓடியது. நியூசிலாந்தில் ஜான் பிட்செனர் வேறு மாதிரி யோசித்தார். எல்லாப் பிழையையும் விட்டுவிட்டு மேலே சொன்ன 'ஒரு', 'அந்த' வேறுபாட்டை மட்டும் திருத்தினால் என்ன ஆகும் என்று ஆக்லாந்தில் ஆங்கிலம் கற்றவர்களிடம் சோதித்து, 2008-ல் முடிவை வெளியிட்டார். அந்த ஒன்றில் அவர்கள் தெளிவாக முன்னேறினார்கள், வாரங்கள் கழிந்தும் அது நிலைத்தது.

ஆகவே ஒரு மாதம் ஒரு பிழை. இந்த மாதம் 'இஸ்', 'ஆர்' விடுபடுவதை மட்டும் வட்டமிடுவது, மற்றவற்றைக் கண்டும் காணாமல் விடுவது. ஆசிரியரின் கைக்கும் அது நல்லது. ஐம்பது நோட்டுகளில் எல்லாப் பிழைகளையும் திருத்த எந்த மனிதருக்கும் இரவு போதாது.

எந்தப் பிழையை முதலில் எடுப்பது என்பதிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. 'ஹி கோ டு ஸ்கூல்' என்று 'எஸ்' இல்லாமல் எழுதினால் உடனே இம்போசிஷன் கொடுக்கும் வழக்கம் உண்டு. ஆனால் ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்ட குழந்தைக்கே அந்த 'எஸ்' தாமதமாகத்தான் வருகிறது. ஹார்வர்டு உளவியலாளர் ரோஜர் பிரவுன் மூன்று குழந்தைகளின் பேச்சை ஆண்டுக்கணக்கில் பதிவுசெய்து 1973-ல் புத்தகமாக்கினார். பதினான்கு சின்ன இலக்கண உறுப்புகளில் முதலில் வந்தது 'இங்'. படர்க்கை ஒருமை 'எஸ்' வரிசையில் மிகவும் பின்னால் வந்தது. அடுத்த ஆண்டில் ஹெய்டி டூலே, மரினா பர்ட் இருவரும் ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாகக் கற்ற ஸ்பானிஷ், சீனக் குழந்தைகளைப் பார்த்தபோது, வீட்டு மொழி வேறு வேறாக இருந்தும் வரிசை ஏறக்குறைய ஒன்றுபோலவே இருந்தது. தமிழ்ப் பிள்ளையும் 'எஸ்'ஸை விடுகிறது என்றால் அது சோம்பல் அல்ல. போகிறேன், போகிறாய், போகிறான், போகிறாள் என்று ஆள் மாறினால் வினையும் மாறும் மொழியிலிருந்து வந்த பிள்ளைக்கு, மற்ற எங்கும் மாறாமல் ஓரிடத்தில் மட்டும் ஒட்டிக்கொள்ளும் அந்த எழுத்து கண்ணில் படாமல் போவது இயல்புதான். ஐம்பது முறை எழுதவைத்தால் கை வலிக்கும். ஐம்பத்தோராவது வாக்கியத்தில் 'எஸ்' மறுபடி காணாமல் போகும்.

எழுதுவது என்ற சொல்லையே நம் பள்ளிகள் குழப்பிக்கொண்டிருக்கின்றன. நாலு கோடு நோட்டில் ஒரே வரியைப் பக்கம் முழுக்க அச்சுப்போல எழுதுவது கையெழுத்துப் பயிற்சி. கரும்பலகையில் உள்ள பதிலை நோட்டில் இறக்குவது நகலெடுப்பு. இரண்டுமே தேவையாக இருக்கலாம். ஆனால் ஒரு பிள்ளை தன் தலையிலிருந்து ஒரு வாக்கியத்தை எடுத்துக் காகிதத்தில் வைக்கும் வேலை இரண்டிலும் இல்லை. வாரம் முழுவதும் ஆங்கிலம் எழுதிய பிள்ளை, சொந்த வாக்கியம் ஒன்றுகூட எழுதாமல் சனிக்கிழமையை அடைய முடிகிறது.

தினம் ஐந்து வாக்கியம் என்பது பல நல்லாசிரியர்கள் கையாளும் எளிய ஏற்பாடு. தலைப்பு பிள்ளையின் வாழ்க்கையிலிருந்து வர வேண்டும். ரேஷன் கடை வரிசை, தம்பியோடு போட்ட சண்டை, பாட்டியின் பல் செட், மழையில் நின்றுபோன கபடி. 'மை நேஷனல் லீடர்', 'எ விசிட் டு எ மியூசியம்' எல்லாம் கைடிலிருந்து வருவதைத் தடுக்க முடியாது. பாட்டியின் பல் செட் எந்தக் கைடிலும் இல்லை. எழுதும் முன் பக்கத்துப் பிள்ளையிடம் அதைச் சொல்லிப் பார்க்கட்டும். சொல் தெரியாத இடத்தில் தமிழ்ச் சொல்லையே போட்டுவிட்டு நகரட்டும். 'தி கோட் ஜம்ப்ட் தி வேலி' என்று எழுதிய பிள்ளை பாதிக் கிணறு தாண்டவில்லை, முழு வாக்கியமே அமைத்துவிட்டது. 'வேலி'க்கு ஒரு சொல்தான் பாக்கி. அந்தச் சொல்லை அன்றே அது கேட்டு வாங்கிக்கொள்ளும், மறக்கவும் மறக்காது.

ஐந்தும் குட்டிக் குட்டி வாக்கியங்களாகவே நின்றுவிட்டால் இணைக்கும் பயிற்சிக்குப் போகலாம். பஸ் லேட். மழை பெய்தது. நாங்கள் நடந்தோம். தமிழில் சொல்லச் சொன்னால் "பஸ் லேட்டானதால மழையில நடந்தே வந்தோம்" என்று மூன்றையும் ஒரே மூச்சில் கோத்துவிடும் திறமை எல்லாப் பிள்ளைக்கும் உண்டு. அந்தக் கோப்புக்கு ஆங்கிலத்தில் 'பிகாஸ்', 'வென்', 'பட்', 'ஸோ' என்று நாலு சொற்கள் முதலில் போதும். முன்பு பார்த்த 0.50 என்ற எண் இந்தப் பயிற்சிக்குத்தான் கிடைத்தது.

எழுத்துக்குத் தீனி வாசிப்பிலிருந்து வர வேண்டும். இதற்கு ஃபிஜித் தீவில் நடந்ததைப்போல் தெளிவான சான்று அரிது. அங்கே பிள்ளைகள் வீட்டில் பேசுவது ஃபிஜி மொழி அல்லது இந்தி. 1903 முதல் மதராஸிலிருந்து கூலிகளாகக் கப்பலேற்றப்பட்டவர்களின் வாரிசுகளும் அந்த நாட்டில் உண்டு. நியூசிலாந்தின் வார்விக் எல்லியும் ஃபிரான்சிஸ் மங்குபாயும் கிராமப்புறப் பள்ளிகள் எட்டில், நான்கு, ஐந்தாம் வகுப்புகளுக்கு வகுப்புக்கு 250 ஆங்கிலக் கதைப் புத்தகங்களைக் கொடுத்தார்கள். படம் போட்ட, சுவையான புத்தகங்கள். 380 பிள்ளைகள். சில வகுப்புகளில் ஆசிரியர் உரக்கப் படித்துப் பிள்ளைகளோடு பேசினார். மற்றவற்றில் பிள்ளைகள் தினமும் மௌனமாகப் படித்தார்கள், அவ்வளவுதான். வேறு நான்கு பள்ளிகளில் 234 பிள்ளைகள் வழக்கமான வாக்கியப் பயிற்சியைத் தொடர்ந்தார்கள். எட்டு மாதத்தில், வாசித்துப் புரிந்துகொள்வதிலும் கேட்டுப் புரிந்துகொள்வதிலும் புத்தகம் பெற்ற பிள்ளைகள் வழக்கத்தைவிட இரண்டு மடங்கு வேகத்தில் வளர்ந்திருந்தார்கள். இரண்டாம் ஆண்டில் அந்த வளர்ச்சி எழுத்துக்கும் இலக்கணத்துக்கும் பரவியது. இலக்கணம் நடத்தாமலே.

நம் பிள்ளைகளுக்கு எவ்வளவு எளிய புத்தகம் வேண்டும் என்று கேட்டால், அதற்கும் விடை பக்கத்திலேயே உண்டு. டாக்காவில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் இருந்த மைக்கேல் வெஸ்ட், வங்காளப் பிள்ளைகளுக்காகக் குறைந்த சொற்களில் வாசிப்புப் புத்தகங்கள் தயாரித்தவர். 1953-ல் அவர் வெளியிட்ட சொற்பட்டியலில் ஏறத்தாழ 2,000 சொற்கள். பொதுவான ஆங்கில எழுத்தில் சுமார் 80 சதவீதம் அந்தச் சொற்களே. டிக்ஷனரியை மனப்பாடம் செய்யச் சொல்லும் அப்பாக்கள் இதைக் கேட்டு ஆறுதல் அடையலாம்.

ஆங்கிலம் தெரியாத பெற்றோரும் சும்மா இருக்க வேண்டியதில்லை. பிள்ளை எழுதிய ஐந்து வரியைத் தமிழில் சொல்லச் சொல்லிக் கேட்கலாம், கதை புரியாத இடத்தில் "அப்புறம்? எதுக்கு?" என்று கேட்டால் ஆறாவது வரி தானாக வரும். படங்களைப் பார்த்துக்கொண்டு, பிள்ளை உரக்கப் படிப்பதைப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்கலாம். புத்தகத்துக்கும் பஞ்சமில்லை. சென்னையின் தூலிகா பதிப்பகம் தமிழும் ஆங்கிலமும் ஒரே பக்கத்தில் வரும் படப் புத்தகங்களை வெளியிடுகிறது. பிரதம் புக்ஸ் 2015-ல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் பல மொழிகளில் கதைகள் இலவசமாகக் கிடைக்கின்றன. ஒரே கதையைத் தமிழில் ஒருமுறை, ஆங்கிலத்தில் ஒருமுறை படிக்கலாம், அச்செடுத்தும் கொடுக்கலாம்.

தேர்வில் வாய்ஸ் மாற்றும் கேள்வி வரத்தான் செய்யும், அதற்கு மதிப்பெண்ணும் உண்டு. அதற்குப் பொதுத்தேர்வுக்கு முந்தைய சில வாரங்கள் தாராளம். ஆறாம் வகுப்பிலிருந்தே அதைப் பிடித்துக்கொண்டு தொங்குவதுதான் வீண். மாலை நேரத்தில் பிள்ளைகளுக்குச் சொல்லித்தரும் கல்லூரி மாணவர்கள், ஒரு பாடக் குறிப்பை நிறுத்திவிட்டு அந்த நேரத்தில் ஒரு கதையும் ஐந்து வரியும் வைத்துப் பார்க்கட்டும். பெற்றோர், பள்ளி மேலாண்மைக் குழுவின் அடுத்த கூட்டத்துக்குப் போகும்போது, நூலகப் பீரோவின் சாவி யாரிடம் இருக்கிறது, அதில் ஆங்கிலக் கதைப் புத்தகம் எத்தனை இருக்கிறது என்ற இரண்டு கேள்விகளையாவது கேட்டுவிட்டு வரவேண்டும்.